மயக்கம் கொடுக்கச் சொன்னவள்

என் மகன் கதிருக்கு இருபத்து நான்கு வயது. ஆட்டிசமும் வலிப்பும் சிறு வயதிலிருந்தே உண்டு. அவனிடம் இருக்கும் சொற்கள் கொஞ்சம்தான். பசித்தால் "சோறு" என்பான். வெளியே போக வேண்டுமானால் "வண்டி". பிடிக்காவிட்டால் "போதும்". "வலி" என்ற சொல் அவனிடம் கிடையாது. சொல்லிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. தொட்டுக் காட்டக்கூடிய பொருளென்றால் கற்றுக்கொள்வான். வலியைத் தொட்டுக் காட்டும் வித்தை, பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எனக்கே தெரியவில்லை.

இவனைப் போன்ற பிள்ளையை வைத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். படித்தால் ஆறுதல் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

சித்திரை மாதம் தொடங்கியதிலிருந்து கதிர் பீரோவின் இரும்புக் கதவில் வலது கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். வெயிலுக்குக் குளுமையாக இருக்கிறது போல என்று நினைத்தோம். பிறகு முஷ்டியால் அந்தக் கன்னத்திலேயே குத்திக்கொள்ள ஆரம்பித்தான். இவனைப் போன்றவர்கள் தங்களைத் தாங்களே அடித்துக்கொள்வது உண்டு என்பதால் திருச்சியில் வழக்கமாகக் காட்டுகிற மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். கதிர் பகலெல்லாம் தூங்கினான். விழித்தால் குத்திக்கொண்டான். சோற்றைத் தட்டோடு தள்ளிவிட்டான்.

ஒரு நாள் காலையில் காய்ச்சலோடு எழுந்தான். வலது தாடை இட்லி போல உப்பியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. உள்ளேயிருந்து வந்த நாற்றத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. பல்.

புதுக்கோட்டையிலேயே ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனோம். கீழ ராஜ வீதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். திருமயத்திலிருந்து என் தம்பி சேகரும் வந்துவிட்டான். சேகர் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். மாமன் என்றால் கதிருக்கு உயிர். மாமனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவதைவிடப் பெரிய சந்தோஷம் அவனுக்கு எதுவுமில்லை.

காத்திருக்கும் அறையில் கதிர் ஆடிக்கொண்டே ஒலி எழுப்பியதில் இரண்டு பேர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். அதெல்லாம் பழகிப்போன ஒன்று. எக்ஸ்ரே எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. தலையைச் சுற்றி ஒரு கருவி சுழல்கிற வரை அசையாமல் நிற்க வேண்டும். சேகர் பின்னால் நின்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாமா வண்டி எடுக்கப் போறேன், அசையாம இரு" என்று சொல்லிச் சொல்லித்தான் ஒரு வழியாக எடுத்தார்கள்.

டாக்டரம்மா படத்தைத் திரையில் காட்டினார். கடைவாயின் கடைசியில் மற்ற பற்களெல்லாம் நிமிர்ந்து நிற்க, ஒரு பல் மட்டும் குப்புறப் படுத்து, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. பாதி எலும்புக்குள் இருந்தது. வெளியே தெரிந்த பாதியை ஈறு மூடியிருந்தது. அந்த இடுக்கில் சோறு தங்கிச் சீழ் பிடித்திருந்தது. இடது பக்கமும் ஒரு பல் அதே மாதிரி படுத்துக் கிடந்தது. அது இன்னும் வீங்கவில்லை.

"ஞானப்பல்லும்பாங்கள்ல, அதுதான்" என்றார் டாக்டரம்மா. "வீக்கம் இப்புடியே கீழ எறங்கி தொண்டைக்குப் போனா மூச்சடைக்கும். மொதல்ல சீழை எடுத்துருவோம். பல்லைப் புடுங்குறது அப்புறம்."

மரத்துப்போகும் ஊசி போட்டு, சீழைக் கீறி எடுப்பது என்று முடிவாயிற்று. சேகரும் என் கணவரும் இரண்டு கைகளைப் பிடித்தார்கள். அங்கே வேலை செய்கிற ஒருவர் கால்களைப் பிடித்தார். தலையை நான் பிடித்தேன். ஊசியைக் கண்டதும் கதிர் கத்திய கத்தலில் வெளியே இருந்த கூட்டம் கதவருகே வந்துவிட்டது. தட்டு பறந்தது. டாக்டரம்மாவின் விரலில் கடி விழுந்தது. பாதிச் சீழ்தான் வந்தது. என் உள்ளங்கைகளுக்கு நடுவே அவன் முகம் இருந்தது. கண்கள் தலைகீழாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. "போதும், போதும், போதும்" என்றான். அவனிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். அதைக் கேட்டுக்கொண்டே நான் பிடியை இறுக்கினேன்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தோம். அன்று சாயங்காலமே கதிர் சேகரிடம் போய் "வண்டி" என்றான். கன்னத்தில் பஞ்சோடு மாமனின் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான். சேகர் திரும்பி வந்து கொல்லைப் பக்கம் நின்று அழுதான்.

மருந்தில் வீக்கம் வடியட்டும் என்று சில நாள் விட்டார்கள். அதற்குள் நாங்கள் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருந்தது. பல்லை எடுத்தே ஆக வேண்டும். விழித்திருக்கும்போது எடுப்பதா, மயக்கம் கொடுத்து எடுப்பதா?

டாக்டரம்மா அனுப்பிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். தொண்டையில் குழாய் போட்டு முழு மயக்கம் கொடுப்பது ஒரு வகை. ஊசி வழியாக ஆழ்ந்த தூக்கம் வரவழைத்து, அவனாகவே மூச்சு விட, வேலையை முடிப்பது இன்னொரு வகை. கதிருக்கு இரண்டாவதே போதும் என்று அவர் நினைத்தார். ஆனால் கையில் ஊசி ஏற்றவே அவன் விடமாட்டான் என்பதால், அதற்கு முன்பு கிறக்கம் தருகிற மருந்து ஒன்றை வாய்வழியாகக் கொடுத்துவிட வேண்டும்.

"ஆபத்து இருக்கா சார்?" என்று கேட்டார் என் கணவர்.

"இல்லைன்னு சொல்ல மாட்டேன். வலிப்பு இருக்கு, அதுக்கு மாத்திரை சாப்புடுறாரு. மூச்சு கொறையலாம், தொண்டை இறுகிக்கலாம். எல்லாத்துக்கும் தயாராத்தான் இருப்போம். நல்லபடியா முடியும்னு நம்பித்தான் நான் செய்யுறேன். ஆனா முடியாமப் போகவும் வாய்ப்பிருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீங்க சரின்னு சொல்லணும்."

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து பேசினோம்.

"மயக்கமெல்லாம் வேணாங்க்கா" என்றான் சேகர். "எனக்கும் இந்தப் பல்லைத்தான் புடுங்குனாங்க. ஊசி போட்டா மரத்துப் போயிரும். இன்னும் ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு வாரேன். கெட்டியாப் புடிச்சுக்கிருவோம். அரை மணி நேரம். காது குத்துனப்ப எம் மடியில உக்காந்து கத்துனான்ல, மறந்தா போனான்?"

"அப்ப அவனுக்கு ஒரு வயசுடா" என்றேன்.

என் கணவர் தலையைக் குனிந்தபடி இருந்தார். கதிரின் ஆறு வயதில் மூளையை ஸ்கேன் எடுப்பதற்காக மயக்கம் கொடுத்தார்கள். விழிக்க வேண்டிய நேரம் தாண்டியும் விழிக்கவில்லை. இவர் அவன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த நினைப்பு இன்னும் அவரைவிட்டுப் போகவில்லை.

"நீ சொல்லு" என்றார் என்னிடம். "நீ என்ன சொல்றியோ அதுதான்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. எங்களைப் போன்ற பெற்றோர் ஒன்றாகச் சேர்கிற இடங்களில், தேநீர் குடிக்கும்போது யாராவது ஒருவர் தணிந்த குரலில் சொல்வார்: "எங்களுக்கு முந்தி இவன் போய்ச் சேர்ந்துறணும்." யாரும் அதிர்ச்சியடைவதில்லை. தலையாட்டுவோம். எங்களுக்குப் பிறகு இவர்களுக்கு யார் சோறு போடுவார்கள், யார் கால் கழுவிவிடுவார்கள் என்பதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. நானும் அதை வேண்டியிருக்கிறேன். கோயிலில் நின்று, கைகூப்பி, வேண்டியிருக்கிறேன்.

அந்த டாக்டர் "முடியாமப் போகவும் வாய்ப்பிருக்கு" என்று சொன்னபோது எனக்குள் பயம் வந்தது. பயத்தோடு இன்னொன்றும் வந்தது. அதற்கு நிம்மதி என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. தூங்கிக்கொண்டிருக்கும்போதே, வலி தெரியாமல், நாங்கள் பக்கத்தில் இருக்கும்போதே என்று ஒரு எண்ணம் ஓடியது. ஒரு நொடிதான். ஆனால் ஓடியது ஓடியதுதான். அதற்குப் பிறகு மயக்கம் வேண்டும் என்று நான் சொன்னால், அது யாருக்காகச் சொல்வது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. அவன் "போதும்" என்று கத்துவதை இன்னொரு முறை கேட்க முடியாது என்பதற்காகவா? அவனுக்கு வலிக்கக் கூடாது என்பதற்காகவா? இல்லை, அந்த ஒரு நொடிக்காகவா? கணவரிடமும் சொல்ல முடியவில்லை. அவருக்குள்ளும் அது ஓடியிருந்தால் என்ன செய்வது?

"மயக்கம் குடுக்கச் சொல்லுவோங்க" என்றேன்.

சேகர் எழுந்து வெளியே போய்விட்டான்.

பக்கத்து வீட்டுக்காரம்மா விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்தார். "ஞானப்பல்லா டீச்சர்? அது மொளச்சா புத்தி தெளியும்பாங்களே, அதைப் போயி எடுக்குறீங்களே" என்றார். நல்ல மனுஷிதான். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். நான் சிரித்து அனுப்பிவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

குறித்த நாளில் வெறும் வயிற்றோடு கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். கதிருக்கு நேரம் தப்பினால் ஆகாது. வழக்கமான நேரத்துக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "சோறு" என்றான். தட்டை வாங்கி உள்ளே வைத்தேன். போய் எடுத்து வந்தான். மறுபடியும் வாங்கி வைத்தேன். கடைசியில் என் கணவர் தட்டுகள் எல்லாவற்றையும் துணி போட்டு மூடிவிட்டு, அவனை அழைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு சின்னக் குப்பியில் மருந்தைக் கொண்டுவந்தார். கசக்கும் என்றார். தெளிவான பானம் எதிலாவது கொஞ்சமாகக் கலந்து கொடுக்கலாம், பால் மட்டும் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நான் வீட்டிலிருந்து நன்னாரி சர்பத் கொண்டு போயிருந்தேன். அவனுக்குப் பிடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, அவனுக்குத் தெரியாமல் கலந்தேன்.

"நீயே குடு" என்றார் என் கணவர். "ஓங்கிட்டன்னா குடிச்சிருவான்."

கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்தான். நிறுத்தினான். டம்ளருக்குள் பார்த்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் யார் கண்ணையும் நேராகப் பார்க்கிறவன் இல்லை. "குடி சாமி" என்று சிரித்தேன். மீதி முழுவதையும் குடித்தான்.

கொஞ்ச நேரத்தில் கால்கள் தள்ளாடின. தன் கால் தன் சொல்பேச்சுக் கேட்கவில்லை என்பது அவனுக்குப் பயத்தைக் கொடுத்தது. சுவரைப் பிடித்தான், கட்டிலைப் பிடித்தான், என் சேலையைப் பிடித்தான். தலை தொங்கியது. சேகரும் இன்னொருவரும் தூக்கித் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். கதவு மூடிய பிறகுதான் அவன் பிடித்திருந்த முந்தானை கசங்கி ஈரமாக இருந்ததைப் பார்த்தேன்.

படுத்துக் கிடந்த கடைவாய்ப் பற்கள் இரண்டையும் ஒரே மயக்கத்தில் எடுத்துவிடுவதாகத் திட்டம். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்து இன்னொருவரோடு உள்ளே ஓடினார். பிறகு ஒரு டாக்டர் படியேறி ஓடிவந்தார். எங்களைப் பார்க்காமலேயே உள்ளே போனார்.  

நான் எழுந்தேன். கதவு வரைக்கும் போக வேண்டும் என்று நினைத்தேன்.  தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "வேணாம், வேணாம், வேணாம்" என்று யாரோ சொல்வது கேட்டது. என் கணவர் என் வாயைத் தன் கையால் பொத்திய பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. கோயிலில் நின்று வேண்டியதை அந்தத் தரையில் உட்கார்ந்து திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். வைத்த வேண்டுதலைத் திரும்ப வாங்க முடியுமா என்று எனக்குத் தெரியாது.

மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. வலது பல்லை எடுத்து முடிக்கும்போது தொண்டை சட்டென்று இறுகிக்கொண்டதாம். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிவிட்டது. குழாய் போட்டு மூச்சு கொடுத்திருக்கிறார்கள். "இப்ப பரவாயில்லை. இடது பக்கத்தைத் தொடலை. அதுக்கு மேல மயக்கத்துல வச்சிருக்க எனக்குத் தைரியம் வரலை" என்றார். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. வரலாம் என்று முன்பே சொன்னதுதான் வந்தது.

அதன் பிறகு சில நாட்கள் அங்கேயே இருந்தோம். விழித்ததும் கதிர் வாய்க்குள் கையை விட்டுப் பஞ்சைப் பிடுங்கினான். தையல் பிரிந்துவிடும் என்று அவன் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். கட்டிய கையோடு அவன் என் பக்கமே திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே முனகினான். பக்கத்துக் கட்டிலில் அறந்தாங்கிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். கதிர் முனகுவதைப் பற்றி வார்டில் யாரோ சலித்துக்கொண்டபோது அவர் மனைவி எழுந்து, "வாயில்லாப் புள்ள. ஒங்க புள்ளையா இருந்தா இப்புடிச் சொல்லுவீங்களா?" என்று ஒரு அதட்டுப் போட்டார். பிறகு தங்கள் விசிறியை எடுத்துவந்து கதிருக்கு வீசிக்கொண்டே என்னிடம், "செத்த நேரம் படும்மா. நா பாத்துக்கிறேன்" என்றார். சேகரின் மனைவி திருமயத்திலிருந்து இரண்டு வேளையும் கஞ்சி காய்ச்சி அனுப்பினாள். என் கணவர் ஊட்டினார். கதிர் வாங்கிக்கொண்டான்.

எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. வாய் வலியில் இருக்கிறான், யார் ஊட்டினால் என்ன என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நான் தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை. டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு நான் போனாலும் தொடவில்லை. அவன் அப்பா ஊற்றிக் கொடுத்தால் குடித்தான். சேகர் கொடுத்தால் குடித்தான். பக்கத்து வீட்டுக்காரம்மா மோர் கொண்டுவந்து நீட்டினார், அதையும் வாங்கிக் குடித்தான். ஒரு நாள் அவர் கையிலிருந்த மோரை நான் வாங்கி அவனிடம் கொடுத்தேன். டம்ளருக்குள் பார்த்துவிட்டு, "போதும்" என்று சொல்லிப் போய்விட்டான்.

நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தோமே, அதை அவன் அன்று சாயங்காலமே மறந்துவிட்டான். கையைப் பிடித்த மாமனோடு இன்றும் வண்டியில் போகிறான். பலவந்தம் அவனுக்குப் புரிந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே நான் நீட்டியதுதான் அவனுக்குப் புரியவில்லை. சிறப்புப் பள்ளி ஆசிரியை, "கொஞ்ச நாள்ல சரியாயிரும், வற்புறுத்தாதீங்க" என்றார். வற்புறுத்தவில்லை. அடுப்படியில் நான் இருந்தால் அவன் தண்ணீர்க் குடத்தின் பக்கம் வருவதில்லை. தாகமெடுக்கும் என்று நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

வலது கன்னம் ஆறிவிட்டது. குத்திக்கொள்வது நின்றுவிட்டது. கூட்டிய மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். நன்றாகச் சாப்பிடுகிறான். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "நல்லபடியா முடிஞ்சதே" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

போன வாரம் டாக்டரம்மாவிடம் காட்டப் போனோம். சேகர் கதிரை வெளியே வண்டியில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். காயம் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்கள் எதிரே உட்கார்ந்தார்.

"இடது பக்கத்தையும் எடுத்தாகணும். வீங்குறதுக்கு முந்தி எடுத்துட்டா நல்லது. இந்தத் தடவ ஆரம்பத்துலயே குழாய் போட்டு முழு மயக்கமாக் குடுத்துருவோம். ஆனா மொதல்ல அந்தக் குடிக்கிற மருந்து குடுத்துத்தான் ஆகணும். வேற வழியில்லை."

"எங்கிட்ட வாங்கிக் குடிக்க மாட்டான் டாக்டர்" என்றேன்.

"நான் குடுக்குறேன்" என்றார் என் கணவர். உடனே சொன்னார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருப்பார் போல. "எங்கிட்டக் குடிக்கிறான்ல. நான் குடுத்துர்றேன்."

என்னால் அவர் கையைப் பார்க்க முடியவில்லை. தாமிரக் கம்பி அறுத்து அறுத்துக் காய்த்துப்போன கை. அந்தக் கையில்தான் இப்போது அவன் தண்ணீர் குடிக்கிறான், சோறு தின்கிறான், வலிப்பு மாத்திரையை விழுங்குகிறான்.

"வேணாங்க" என்றேன். "ஒங்க கையாவது இருக்கட்டும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 

"அப்ப யாரு குடுக்குறது?" என்றார்.

டாக்டரம்மாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் கையையும் கெடுக்க எனக்கு மனசில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம். இன்னும் போய்ச் சொல்லவில்லை.